பழைய பென்ஸும் புதிய பிரபுக்களும்

வெள்ளவத்தையிலே இக்காலத்தில் ஒரு வாதம் வாய்க்கு வாய் உலவுகின்றது. ஜப்பானியச் சிறு கார் ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் பழைய பென்ஸ் ஒன்றை வாங்கிவிடலாம். அங்ஙனமிருக்கத் தீப்பெட்டி போன்ற வண்டிக்குள் முழங்காலை மடித்துக் குந்தியிருப்பானேன் என்பதே அவ்வாதம். மணவீட்டுப் பந்தியிலும், கோயில் முன்றிலிலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும் இதனை நாம் கேட்கின்றோம். சொல்பவர்கள் பெருவணிகர் அல்லர். கம்பனி முதலாளிகளும் அல்லர். வங்கி எழுதுவினைஞர், கணக்காளர், மாலை வகுப்பு நடத்தும் எம் போன்ற ஆசிரியர், கனடாவிலுள்ள தமையன் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கியிருக்கும் இளைஞர் ஆகியோரே இவர்கள். இவர்களது கூட்டல் கழித்தலிற் பிழையில்லை. வாங்கும் நாளோடு கணக்கை மூடிவிடுவதிலேதான் பிழை இருக்கின்றது.

கூட்டல் கழித்தல் எவ்வாறு சரியாக வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த வேளையில், அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். நீங்கிய பின்னரும், பல வண்டிகளுக்கு அவற்றின் அடக்க விலையிலும் கூடிய வரி விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் உள்நாட்டில் இருந்த வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. எல்லாருக்கும் வேண்டியிருந்தது எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் சிறு வண்டி. ஆகவே அல்டோ, வகன் ஆர், விட்ஸ் போன்றவை புதிதாய் வந்திறங்கிய நாளில் விற்ற விலையையும் தாண்டி, பழையனவாய் விற்கப்பட்டன. பெரிய எஞ்சின் பூட்டிய பழைய சொகுசு வண்டியைத் தேடிப் போவார் இல்லாமையால் அதன் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒரு பொருள் மலிந்து கிடக்கின்றதென்றால் அதனைப் பற்றி முன்பே அறிந்தவர்கள் அதனை விட்டு விலகிவிட்டார்கள் என்பதுதானே அதன் பொருள்? எம்மவர் இதனைத் தலைகீழாகப் படித்துக்கொண்டனர். அதிர்ஷ்டம் வாசற்படிக்கு வந்துவிட்டதாக எண்ணினர்.

சொகுசு வண்டிக்கு ஓர் இயல்பு உண்டு. வயது ஏற ஏற அதன் விலை இறங்கும். அதன் உறுப்புகளின் விலை இறங்காது. கொழும்பு வீதிகளில் இன்னும் பரவலாகக் காணப்படும் ‘டபிள்யூ 124’ என்ற பென்ஸ் வகையையே எடுத்துக்கொள்வோம். 1984இல் ஜேர்மனியில் வெளியானது. 1990களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்டது. புதிதாய் இருந்த நாளில் அதனைப் பேணுவதற்கென்று ஒரு கம்பனியோ ஒரு தூதரகமோ ஓர் அமைச்சோ இருந்தது. பேணும் செலவு எவனது சட்டைப் பையிலிருந்தும் போகவில்லை. ஒரு பேரேட்டில் எழுதப்பட்டது. இன்று நான்காவது கையாக, ஐந்தாவது கையாக அது ஒரு எழுதுவினைஞரின் வாசலில் வந்து நிற்கின்றது. அதன் தடுப்புத் தட்டுக்கோ, பல்லிணைப் பெட்டிக்கோ உரிமையாளன் மாறிவிட்டான் என்ற செய்தி தெரியாது. அமைச்சுக்கு அனுப்பிய அதே பட்டியலைத்தான் அவை எழுதுவினைஞருக்கும் அனுப்புகின்றன. அதுவும் வெளிநாட்டு நாணயத்தில். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று, சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று முன்னோர் சொன்னார்கள். பழைய சொகுசு வண்டியைப் பொறுத்தவரை இப்பழமொழியைச் சற்றே திருத்தியாக வேண்டும். இருக்கும்வரை அது மாதந்தோறும் பொன் கேட்கும். இறந்த பின் பஞ்சிகாவத்தையிலே துண்டு துண்டாக விலைபோகும்.

இதனை வெறும் வாய்ச்சவடால் என்று எவரும் தள்ளிவிடாதிருக்கச் சில விவரங்களையும் சொல்லவேண்டியுள்ளது. மேற்சொன்ன வண்டியிலே குளிரூட்டியின் உட்பகுதி ஒன்று, ஓட்டுநருக்கு எதிரேயுள்ள முன்பலகைக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கின்றது. அதில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டால், உறுப்பின் விலை பெரிதன்று. அதனைச் சென்றடைவதற்கு முன்பலகை முழுவதையும் கழற்றி வெளியே வைக்கவேண்டும். முப்பது வருட வெயிலில் வெந்த பிளாஸ்டிக், கை பட்டவுடன் முறியும். ஒன்றைப் பழுதுபார்க்கப் போய் ஏழு பழுதுகளோடு திரும்புகின்ற கதை இதுதான். குளிரூட்டி இல்லாமலே ஓட்டலாமே என்பீர்கள். நண்பகலில் காலி வீதியிலே, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வியர்வை வழிய வழியப் பென்ஸ் ஓட்டுவதற்காகவா இத்தனை பாடு?

1990களின் முற்பகுதியில் அந்நிறுவனம் எஞ்சினின் மின்கம்பிகளுக்கு இட்ட மேலுறை, சூட்டிலே காய்ந்து பொடியாய் உதிர்கின்ற தன்மையது. இது உலகெங்கும் அறியப்பட்ட குறை. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினால் வண்டி எங்கே நிற்கும், எதற்காக நிற்கும் என்று சோதிடனாலும் சொல்ல முடியாது. பின்சில்லு ஒவ்வொன்றையும் ஐந்தைந்து கரங்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் மூட்டுகளிலெல்லாம் ரப்பர். அந்த ஏற்பாட்டினாலேயே வண்டி பஞ்சணைபோல் ஓடுகின்றது. அந்த ஏற்பாட்டினாலேயே எம் ஒழுங்கைகளின் குழிகள் அத்தனை ரப்பரையும் ஒவ்வொன்றாகத் தின்கின்றன. இது பழைய வகையின் கதை. 1998இல் வெளிவந்த பெரிய ‘எஸ்’ வகுப்பு வண்டி காற்றடைத்த தாங்கிகளின் மேல் நிற்பது. காற்றுக் கசிந்தால் காலையில் எழுந்து பார்க்கும்போது, சேற்றில் இறங்கிய எருமைபோல வண்டி நிலத்தோடு படுத்திருக்கும். வெள்ளவத்தைக்கு இன்னொரு தனிச் சிறப்பும் உண்டு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே இரவு பகலாக உப்புக்காற்று வீசுகின்றது. சில்லு மறைப்பின் ஓரத்திலே ஒரு கொப்புளம் தோன்றும். அதன் உள்ளே இரும்பு ஏற்கெனவே மாவாகியிருக்கும். ஓட்டையைப் பசையால் நிரப்பிச் சாயம் பூசி விற்றுவிட்டவன் எப்போதோ போய்விட்டான்.

இனி எரிபொருள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர். போய்வர 22. வாரத்தில் ஐந்து நாளும் போய்வந்தால் 110. ஆறு சிலிண்டர் கொண்ட பழைய பெற்றோல் வண்டி, பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் கோட்டையிலும் நின்று நின்று ஊர்கையில், லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடினாலே பெரிது. ஆகவே வாரத்துக்கு 18 லீற்றருக்கு மேல் வேண்டும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலையில் நான்கு வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 34,000 ரூபாவைத் தாண்டுகின்றது. அந்நாளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பட்டதாரி ஆசிரியனின் மாதச் சம்பளத்திற் பெரும்பங்கு அது. சோறு, வாடகை, பிள்ளையின் பால்மா எல்லாம் அதற்குப் பிறகே.

அக்காலத்தில் விலை கொடுத்தாலும் பெற்றோல் கிடைத்ததில்லை என்பதும் நினைவிருக்கும். வரிசைகளிலே நின்றபடி உயிர்விட்ட முதியவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. ஜூலையிலிருந்து தொலைபேசியிற் குறியீட்டுச் சதுரத்தைக் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் வாங்கினோம். தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர். நாம் மேலே போட்ட கணக்கின்படி, பென்ஸ்காரர் வேலைக்குப் போய்வந்த பின் அவருக்கு மிஞ்சியது ஒன்றரை லீற்றர் சொச்சம். பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் அவர் முச்சக்கர வண்டியையே தேட வேண்டியிருந்தது. பங்கீடு 2023 செப்டெம்பரிலே நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டவுடன் எமது நினைவும் நின்றுவிட்டது போலும்! ஏனெனில், மேலே சொன்ன வாதம் முன்னிலும் உரத்துக் கேட்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

பணம் எங்கிருந்து வருகின்றது? வண்டி வாங்கும் பணம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும். தமையனோ தமக்கையோ பனியில் இரட்டை வேலை செய்து அனுப்பியது. ஆனால் பேணும் பணம் வெளிநாட்டிலிருந்து வராது. அது வீட்டுக்குள்ளேயிருந்து பிடுங்கப்படுகின்றது. முதலில் மனைவியின் காப்பு அடகுக்குப் போகும். அடுத்து, மகளுடைய ஆங்கில வகுப்பு ‘அடுத்த தவணை பார்க்கலாம்’ என்று தள்ளப்படும். மாமியாரின் கண் சத்திரசிகிச்சையும் அவ்வாறே. வீட்டுச் செலவில் எது குறைந்தாலும் அது வெளியே தெரியாது; வண்டியிலே ஒரு கீறல் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இதிலே வேடிக்கை என்னவென்றால், எந்தக் குடும்பத்தின் வசதிக்காக வண்டி வாங்கியதாகச் சொல்லப்படுகின்றதோ அந்தக் குடும்பத்தின் தலைவி பஸ்ஸிலேதான் வேலைக்குப் போகின்றார். ஒரு வாரம் வண்டி கராஜில் நிற்கும். மறுவாரம் வண்டி நின்றாலும் பெற்றோலுக்குக் காசு நிற்காது. வண்டி தவறாமல் வெளியே வருவது மணவீட்டுக்கும் கோயில் தேருக்கும், பெண் பார்க்கும் படலத்துக்கும். மாப்பிள்ளை பென்ஸில் வந்து இறங்கினால் ‘டொனேஷன்’ தொகை ஒரு படி உயர்கின்றது என்று திருமணத் தரகர்கள் மறைக்காமலே சொல்கின்றனர். கேட்கக் கசப்பாக இருந்தாலும், இந்த வண்டியிலிருந்து இலாபம் கிடைக்கும் ஒரேயொரு சந்தர்ப்பம் இதுதான். அந்த இலாபமும் ஒரு பெண்ணின் தகப்பனது மடியிலிருந்து வருகின்றது.

கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலே, ஜம்பட்டா வீதிக்கு அப்பாலும் ஆமர் வீதிப் பக்கமுமாக, இவ்வண்டிகளை உயிரோடு வைத்திருக்கும் சிறு கராஜ்கள் உள்ளன. அங்கிருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தே போய் ஒரு பழைய உறுப்பை வாங்கி வரலாம். இந்தக் கராஜ்களிலே எடுபிடியாக நிற்கும் பையன்களில் எத்தனையோ பேர் ஒன்பதாம் தரத்தோடும் பத்தாம் தரத்தோடும் எமது வகுப்பறைகளிலிருந்து மறைந்துபோனவர்கள். வரவு இடாப்பில் அவர்களது பெயருக்கெதிரே நாம் சிவப்புக் கோடு இழுத்தோம். அதே பையன், எஞ்சின் சத்தத்தைக் கேட்டமாத்திரத்தில் எந்தச் சிலிண்டரில் நோய் என்று சொல்லிவிடுகின்றான். ஜேர்மன் பொறியியலாளன் பக்கம் பக்கமாக எழுதிவைத்ததை, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஒருவன் விரல் நுனியாற் கற்றுக்கொண்டான். ஒழுங்கான தொழிற்கல்வியும் சான்றிதழும் இவனுக்குக் கிடைத்திருந்தால் இவன் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று ஆசிரியர்களாகிய நாம் கேட்டே ஆகவேண்டும்.

இவனுக்கு நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி என்ற பெயரையே அவன் கேட்டிருக்க மாட்டான். பளு தூக்கி நழுவி விரல் நசுங்கினால் அவனுக்கு உள்ளது அரசாங்க ஆஸ்பத்திரி வரிசை மாத்திரமே. வண்டிக்காரக் கனவானோ, உறுப்புக்குக் கடைக்காரன் சொன்ன விலையை வாய்திறவாது எண்ணிக் கொடுக்கின்றார். கூலி என்று வரும்போது மாத்திரம் ஐந்நூறு ரூபா குறைப்பதற்கு அரைமணி நேரம் தர்க்கம் புரிகின்றார். ஜேர்மனியிற் செய்த இரும்புக்கு உள்ள மதிப்பு கொட்டாஞ்சேனைக் கைக்கு இல்லை. இந்த ஒரு காட்சியிலே எமது மத்தியதர வர்க்கத்தின் மனம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. மேலே உள்ளவனின் பொருளைக் கைப்பற்றியவுடன், கீழே உள்ளவனிடம் மேலே உள்ளவனைப் போலவே நடந்துகொள்ளவும் வேண்டும் என்று அது நினைக்கின்றது.

அந்தப் பொருள் மேலே உள்ளவனிடம் எவ்வாறு வந்தது? அதனையும் பார்ப்போம். சில வருடங்களுக்கு மேற்பட்ட பழைய காரை இந்நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பதில்லை. ஆகவே இன்று பழையதாக நிற்கும் ஒவ்வொரு சொகுசு வண்டியும் ஒரு காலத்தில் புதிதாகவோ, புதிதுக்கு அண்மையிலோ துறைமுகத்தில் இறங்கியது. யாருக்காக இறங்கியது? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வை விலக்கோடு வாகனம் கொண்டுவரும் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டு வந்தது. மேல்நிலை அரச உத்தியோகத்தருக்குச் சலுகைத் தீர்வை வழங்கப்பட்டது. இப்பத்திரங்கள் கைமாறி விலைபோனதும் நாடறிந்த செய்தி. 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வண்டிகளே ஏலத்துக்கு வந்தன. வாங்கப் போனோரின் கண்கள் மின்னியதைப் பற்றிப் பேசியவர்கள், அவ்வண்டிகளை முதன்முதலில் வாங்கிய காசு எவருடையது என்று பேசவில்லை. பருப்புக்கும் பால்மாவுக்கும் கொடுத்த வரியால் ஒருமுறை அதன் விலையைக் கட்டினோம். இப்போது, அதன் தேய்ந்த எலும்புக்கூட்டுக்கு இரண்டாம் முறையாகக் கட்டுகின்றோம். எசமானின் பழஞ் சட்டையை விலைக்கு வாங்கி அணிந்துகொண்டு எசமானாகிவிட்டோம் என்று மகிழ்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

‘மரியாதை’ என்பார்கள். இதுவே அவர்களது கடைசிக் கோட்டை. ஆகவே இதனை இலேசாக விட்டுவிட முடியாது. கொழும்பிலே வாழும் தமிழனுக்கு மரியாதை மலிவாகக் கிடைத்ததில்லை என்பது உண்மை. பொலிஸ்காரன் முன்னிலும், அலுவலகப் படிக்கட்டிலும், வீட்டு வாடகைக்குப் போன இடத்திலும் பெயரைச் சொன்னவுடன் முகம் மாறிய அனுபவம் எம்மில் எவருக்கும் இல்லாமலில்லை. பெரிய வண்டியில் இறங்கினால் அந்த முகம் அவ்வளவு விரைவில் மாறாது என்று ஒருவர் எண்ணுவாராயின் அந்த எண்ணத்துக்குப் பின்னாலுள்ள காயத்தை நாம் ஏளனஞ் செய்யமாட்டோம். ஆனால் வண்டி எம்மைக் காத்ததா என்று வரலாற்றைக் கேட்கலாமல்லவா?

1983 ஜூலையில் காலி வீதியிலே வண்டிகளை மறித்தவர்கள், உள்ளே இருப்பவர் தமிழரா என்றுதான் கேட்டார்கள். வண்டி எந்த நாட்டுச் செய்கை என்று கேட்கவில்லை. மறித்த வண்டிகளிலிருந்தே பெற்றோலை உறிஞ்சி எடுத்து வெள்ளவத்தையின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தார்கள். 2007 ஜூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் தட்டியெழுப்பி பஸ்களில் ஏற்றித் தலைநகரிலிருந்து அகற்றினர். அவ்வாறு ஏற்றப்பட்டவர்கள் 376 பேர் எனக் கணக்குச் சொல்லப்பட்டது. வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டு அலுவலுக்கும் வந்திருந்த ஏழை எளியவர்கள் அவர்களிற் பலர். சொந்த வீட்டின் முன்றிலிலே வண்டியை நிறுத்திவைத்திருந்தவர்கள் அன்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மறுநாளே அந்த வெளியேற்றம் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது உயர் நீதிமன்றம். அங்கே மனுவோடு போனது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற பொது அமைப்பு. பென்ஸ்களின் அணிவகுப்பு ஒன்றும் அங்கே போகவில்லை.

இன்னொன்று. வண்டிப் பித்தர்களிடையே இன்று மிகவும் விரும்பப்படுவது ‘டபிள்யூ 123’ என்ற அதற்கும் முந்திய பென்ஸ். அதிலும், பழைய இலக்கத் தகடு மாறாமல் இருந்தால் தனி மதிப்பு. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த தகடு அது. 1957இன் தொடக்கத்தில் அந்த எழுத்து வாகனங்களில் ஏறியது. 1958 மார்ச்சிலே, தேசியமயமாக்கப்பட்டு மூன்று மாதமும் நிறையாத பஸ் சேவையின் வண்டிகள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது, தமிழர் அதன்மீது தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரிலிலே பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாத இறுதியில் இரத்தம் ஓடியது. அந்த எழுத்தைக் காக்கவும் அழிக்கவும் சிந்திய இரத்தம் ஏழைகளின் இரத்தம். இன்று வெள்ளவத்தை ஒழுங்கையிலே ஒரு தமிழ்க் கனவான், ஞாயிறு காலையில் மென்துணி கொண்டு அதே எழுத்தைத் துடைத்து மினுக்குகின்றார். பகை மறந்தார் என்றால் நாம் மகிழ்வோம். பகை மறந்ததாலல்ல, விலை கூடும் என்பதாலேயே மினுக்குகின்றார்.

எம்மைப் பழைய பொருள்களின் பகைவர் என்று எவரும் எண்ணவேண்டாம். நல்ல உருக்காற் செய்த ஒரு வண்டியை நாற்பது வருடம் ஓட்டுவது, நாலு வருடத்துக்கொரு முறை புதியதை வாங்கி எறிவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். அது மனித உழைப்புக்குச் செய்யும் மரியாதையுமாகும். மேற்சொன்ன ‘123’ வகை டீசல் வண்டிகளே மொரொக்கோ நாட்டிலே பல தசாப்தங்களாக ஊருக்கு ஊர் செல்லும் பங்கு டாக்சியாக ஓடின. ஒரே வண்டியில் ஆறு பயணிகள் நெருக்கியடித்து அமர்ந்து கட்டணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவர் 1976ஆம் ஆண்டுப் பென்ஸ் டீசல் வண்டி ஒன்றில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடினார். 2004இல் அந்த வண்டி அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அவருக்கு அது தேரன்று, ஏர்.

அவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் ஏ40 வண்டிகளை மறந்துவிட்டோமா? 1950களிலே இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1990க்குப் பின், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அற்றுப்போன காலத்திலே, கார்பரேட்டரிற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது. ஆனால் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும், ஷெல் பட்ட பிள்ளையும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அந்த வண்டியிலேதான். ஊர்ச் சந்தியிலிருந்த பட்டறைக்காரன் திருகாணியும் சுத்தியலும் கொண்டு அதனைத் திருத்தினான். கிடைக்காத உறுப்பைத் தானே கடைந்தான். அந்தப் பழைய வண்டி ஊருக்குச் சேவகஞ் செய்தது. இன்று எமது ஒழுங்கைகளிலே நிற்பதற்கு ஒரு குடும்பமே சேவகஞ் செய்கின்றது. இரண்டும் பழைய கார்தான். அன்றாடம் ஓட வேண்டிய வண்டிக்கு எளிமையே முதற் குணம் என்பதை ஏ40 ஓட்டியவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

‘அப்படியானால் எதிலே போவது? பஸ்ஸில் மனிதன் போக முடியுமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை ஏழு மணிக்குப் பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையை அடையும்போது மிதிபலகையிலும் இடமில்லை என்பதை நாம் அறிவோம். தினமும் ஏறுகின்றவர்கள் நாம். கடற்கரை ரயிலின் கதவில் தொங்குவோரையும் அறிவோம். 1958இல் மக்கள் சொத்தாக்கிய பஸ் சேவையை நோஞ்சானாக்கி, 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்துவிட்ட நாளிலிருந்து இந்த நெரிசல் வளர்ந்து வந்திருக்கின்றது. கோட்டையையும் மாலபேயையும் இணைக்க ஜப்பானியக் கடனுதவியோடு தீட்டிய இலகு ரயில் திட்டத்தை 2020 செப்டெம்பரில் கைவிட்டார்கள். கார் இறக்குமதியை நிறுத்திய அதே ஆண்டில், காருக்கு மாற்றாக வரவிருந்ததையும் நிறுத்திய அரசியல் இது. அந்த நெருக்கடியிலிருந்து தனியே தப்பியோட ஒவ்வொரு குடும்பமும் ஒரு வண்டியைத் தேடுகின்றது. தப்பியோடிய வண்டிகளெல்லாம் காலி வீதியிலே ஒன்றாய்ச் சேர்ந்து, தாம் விட்டு ஓடிய பஸ்ஸுக்கு முன்னால் வழிமறித்து நிற்கின்றன. ஐம்பது பேர் நிற்கும் பஸ்ஸும் ஒருவர் இருக்கும் பென்ஸும் வெளிச்ச விளக்கிலே சமமாய்க் காத்திருக்கின்றன.

எமக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். எழுதப் படிக்கத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த, அமைச்சின் படியேறத் தெரிந்த ஒரு கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்ட பின் நடத்துனரின் வசைமொழி அவர்களுக்குக் கேட்பதில்லை. கர்ப்பிணி ஆசிரியை ஒருத்தி கொள்ளுப்பிட்டிவரை நின்றே போனாள் என்பதும் தெரிவதில்லை. இவ்வளவும் கேட்டபின்னரும் வாங்கியே தீருவோம் என்பவர்கள், வாங்கும் விலையளவுக்கு இன்னொரு தொகையை வங்கியிலே வைத்துவிட்டு வாங்கட்டும்; மின்கம்பியையும் தாங்கிகளையும் அடித்தட்டின் துருவையும் நல்ல கைத்தொழிலாளி ஒருவரைக் கொண்டு பார்த்து, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாங்கட்டும். மற்றவர்கள் எம்மோடு வரலாம். காலை வேளையில் காலி வீதியின் ஒரு நிரலைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கவேண்டும், கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே பாடசாலை நேரத்தில் மேலதிக அரச பஸ்கள் ஓடவேண்டும், பழுதுபார்க்கும் நிலையங்களிலுள்ள இளைஞருக்குச் சேமலாப நிதியும் மாலைநேரத் தொழிற்கல்விச் சான்றிதழும் வேண்டும் என்று ஒரு மனு எழுதுவதற்கு ஒரு தாளே போதும். கோயில் அறங்காவற் சபைகளும், பழைய மாணவர் சங்கங்களும், ஆசிரியர் சங்கங்களும் அதிற் கையொப்பமிடலாம். அச்சங்கங்களின் அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் பஸ்ஸில் வருகின்றார்கள், எத்தனை பேர் வண்டியை நிறுத்த இடம் தேடி ஒழுங்கையைச் சுற்றுகின்றார்கள் என்று வாயிலில் நின்று எண்ணிப் பார்க்க எண்ணியுள்ளோம்.